ஸ்பிரிங் தொழிற்சாலையின் வாரிசு

ஒக்டோபர் 14, திங்கள்

மாமா, என் கணவரின் அப்பா, தொழிற்சாலைப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டதிலிருந்து வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்துவிட்டது. ஆனால் டிசம்பரில் நத்தார் பண்டிகை வரைக்கும் அவர் வேலைக்கு வர முடியாது. ஆகவே இன்று முதல் வீடன்காம்ப் தொழிற்சாலை முழுவதும் என் கணவர் ஹென்னிங்கின் பொறுப்பில்.

எப்படியும் வரப்போவதுதான். டிசம்பரில் நத்தார் விருந்தில் மாமா தொழிலாளிகளுக்கு முன்னால் அறிவிக்கிறார். ஜனவரி இரண்டாம் திகதி நொத்தாரிசிடம் கையெழுத்து. கதவுக்கும் கட்டிலுக்கும் கார் ஆசனத்துக்கும் ஸ்பிரிங் செய்கிற இந்தத் தொழிற்சாலை, மாமாவின் தாத்தா காலத்திலிருந்து மூத்த மகனுக்கே போய் வந்திருக்கிறது.

ஐந்து சேட்டுகளையும் ஸ்திரிக்கை போட்டு வைத்தேன். ஹென்னிங் காலைச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவசரம்தான், வேறொன்றுமில்லை.

அம்மா தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "இனி என்ர மருமோன்தான் முதலாளி. கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

"அம்மா, இன்னும் கையெழுத்து வைக்கேல்லை."

"அது வைப்பினம். நாங்கள் இந்த ஊருக்கு வரேக்க கையில ஒரு பை. இப்ப பார்."

இந்த நாட்குறிப்புக் கொப்பியை ஏன் தொடங்கினேன் என்று தெரியவில்லை. இந்த வீட்டில் தமிழ் வாசிக்கிறவள் நான் மட்டும்தான். மகள் மாயா பேசுவாள், வாசிக்க மாட்டாள். மற்றவர்கள் டொச்சில், ஜெர்மன் மொழியில், சொல்வதை நான் எங்கள் யாழ்ப்பாணத் தமிழிலேயே எழுதிக்கொள்கிறேன். என் காதுக்குள் அப்படித்தான் விழுகிறது.

ஒக்டோபர் 27, ஞாயிறு

மாமாவைப் பார்க்க மறுவாழ்வு நிலையத்துக்குப் போனோம். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சேட்டுக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் பூட்டியிருந்தார்.

"உலை எப்பிடி?" என்பதுதான் முதல் கேள்வி. ஸ்பிரிங்கைச் சூடாக்கி உறுதியாக்குகிற உலை அது. பழசு, அடிக்கடி மக்கர் பண்ணும்.

"நல்லா ஓடுது, அப்பா."

"கட்டில் கொம்பனிக்காரர்?"

"அடுத்த வருசத்துக்கும் எங்களிட்டத்தான்."

மாமா தலையாட்டினார். "நீ இருக்கிறாய் எண்டுதான் நான் இங்க படுத்திருக்கிறன்."

எல்லாவற்றுக்கும் தயக்கமில்லாமல் பதில் சொன்னார் ஹென்னிங். எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வரும் வழியில் காட்டு ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, மழைக்குள் இறங்கி, முழங்காலில் கைகளை ஊன்றியபடி கொஞ்ச நேரம் நின்றார். காருக்குள் புழுக்கமாம். மாயா பின் இருக்கையில் பாடிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

மச்சாள் ஆல்முட் லின்ஸ் நகரத்திலிருந்து அழைத்தா. ஹென்னிங்கின் அக்கா. எங்கோ பெரிய இயந்திரக் கொம்பனியில் பொறியியலாளர். அவவுக்கும் மாமாவுக்கும் இருபது வருடமாகப் பிறந்தநாள் வாழ்த்தோடு சரி. அவவுக்கு இந்தத் தொழிற்சாலையில் ஒரு கண் என்று எல்லோருக்கும் தெரியும்.

"ஹென்னிங் நிக்கிறானா?"

ஹென்னிங் குளித்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னேன். திரும்ப எடுக்கச் சொன்னா. பிறகு மறந்துவிட்டேன்.

இப்போது நான் கட்டிக் கொடுக்கிற மதியச் சாப்பாட்டுப் பெட்டி துடைத்துவிட்டதுபோல் வெறுமையாகத் திரும்பி வருகிறது. நன்றாகச் சாப்பிடுகிறார். ஆனால் இடுப்புப் பட்டிக்குப் புதிதாக ஒரு துளை போடவேண்டியிருந்தது. தோல் இழுபட்டிருக்கும்.

நவம்பர் 8, வெள்ளி

அம்மா வீட்டில் மரக்கறிச் சாப்பாடு. தம்பி கேதீஸ் வந்திருந்தான். அவனும் வீடன்காம்பில்தான் வேலை, உலைப் பகுதியில். ஹென்னிங்கை எனக்கு அறிமுகம் செய்ததே அவன்தான், ஒரு கோடைகால ஒன்றுகூடலில்.

கை கழுவும்போது மெதுவாகக் கேட்டான். "அக்கா, அத்தானைக் கனநாளா உள்ளுக்குக் காணேல்லை. சுகமில்லையே?"

"வெளியில வாடிக்கைக்காரரைப் பாக்கப் போறார். முதலாளி எண்டால் உலைக்குப் பக்கத்தில நிக்கேலுமே?"

"அதுக்கில்லை. பெரியவர் ஒருநாளும் இப்பிடி—"

"பெரியவர் வேற, இவர் வேற."

கேதீஸ் எப்போதும் கொஞ்சம் கூடத்தான் யோசிப்பான்.

நவம்பர் 11, திங்கள்

சாங்க்ட் மார்ட்டின் என்ற புனிதரின் நாள், பிள்ளைகளின் விளக்கு ஊர்வலம். மாயா பள்ளிக்கூடத்தில் ஒட்டிய காகித விளக்கைக் கம்பில் தூக்கிக்கொண்டு அப்பாவுக்காகக் காத்து நின்றாள். புனிதர் வேடத்தில் முன்னால் வந்த குதிரைக்காரரும் போய்விட்டார், வாத்தியக்காரரும் போய்விட்டார்கள். வால் முனையில் நாங்கள் இருவரும் நடந்தோம்.

பாட்டெல்லாம் முடிந்து பிள்ளைகளுக்குப் பணிஸ் கொடுக்கும்போதுதான் ஹென்னிங் வந்தார். தோள் வரைக்கும் நனைந்திருந்தது. சப்பாத்து முழுக்கச் சேறும் காய்ந்த இலையும்.

"உலை நிண்டிட்டுது," என்றார். "எல்லாரும் நிண்டு பாக்க வேண்டியதாப் போச்சு."

கேதீஸும் தன் பிள்ளையோடு பக்கத்தில்தான் நின்றான். என்னைப் பார்த்தான். நான் மாயாவின் விளக்கில் மெழுகுதிரி சரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

நவம்பர் 14, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வந்திருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

பதினொரு மணியளவில் தொழிற்சாலையிலிருந்து திருமதி நொல் அழைத்தா. மாமாவின் செயலாளர், இப்போது ஹென்னிங்குக்கும்.

"அவருக்குக் காய்ச்சல் எப்பிடி இருக்குது? தொந்தரவு செய்ய விருப்பமில்லை. ஆனா கையெழுத்துக்குக் கனக்கக் கிடக்கு."

காலையில் ஏழு மணிக்கு நான் கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு காரில் ஏறிப் போனவருக்கு என்ன காய்ச்சல்?

"குறைஞ்சிட்டுது," என்றேன். "ரெண்டு நாளில வருவார்."

குரல் தடுமாறவில்லை என்றுதான் நினைக்கிறேன். பிறகு வீட்டு ஜன்னல்களையெல்லாம் உள்ளும் புறமும் துடைத்தேன். மாலையில் ஹென்னிங் வந்து, நாள் நீளமாக இருந்தது என்றார். "ஓம், தெரியுது," என்றேன். இருவரும் சூப் குடித்தோம்.

நவம்பர் 21, வியாழன்

நேற்று இரவுச் சாப்பாட்டில் மாயா சொன்னாள்: "அம்மா, அணைக்கட்டில இருக்கிற வாத்துக்கெல்லாம் அப்பாவைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனனாங்கள். கார்க் கதவு திறந்த உடன எல்லாம் ஓடி வந்தது." ஹென்னிங் தட்டைப் பார்த்தபடியே இருந்தார்.

இன்று மாயாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே அணைக்கட்டுக்குப் போனேன். கார் தரிப்பிடத்தில் ஹென்னிங்கின் கார் மட்டும். உள்ளே யாருமில்லை. அணைச்சுவர் மேல் நடைபாதை இருக்கிறது. அதன் நடுவில், கைப்பிடிச் சுவரில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். நான் ஓடவில்லை. ஓடினால் திடுக்கிட்டுப் போவார் என்று நினைத்தேன். பெயர் சொல்லிக் கூப்பிடவுமில்லை. பக்கத்தில் போய்க் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல குளிர். அவருடைய கோட்டுப் பொத்தானைப் பூட்டிவிட்டேன்.

காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்.

"தொழிற்சாலைக் கேற்றடியில வரேக்க நெஞ்சு பூட்டுது, வதனி. கை விறைக்குது. மூச்சு வருகுதில்லை. முதல் நாள் திரும்பிப் போய் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வந்தனான். அடுத்த நாளும் அப்பிடித்தான். பிறகு கேற் பக்கமே போகேல்லை."

"அப்ப கட்டில் கொம்பனி? உலை?"

"எல்லாம் திருமதி நொல் எழுதி அனுப்புறா. நான் இங்க இருந்து வாசிக்கிறன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது. "நீர் எவ்வளவு சந்தோசமா இருக்கிறீர்," என்றார்.

அதற்கு என்ன சொல்வது? வேலைக் களைப்பு, எல்லோருக்கும் வரும் என்றேன். டொக்டரிடம் போவோம் என்றேன். திங்கள் முதல் நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொன்னேன். மாமா வெளியே வரும்வரைக்கும், கையெழுத்து வரைக்கும் மட்டும் எப்படியாவது சமாளித்துவிட்டால் பிறகு பழகிவிடும். ஹென்னிங் சரி என்றார். அவர் எப்போதும் சரி என்பார். நல்ல குணம்.

நவம்பர் 25, திங்கள்

கேற் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். இறங்கி நடந்தார். சைக்கிள் தரிப்பிடத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். போனாரல்லவா, அதுதான் முக்கியம்.

அம்மா நத்தார் விருந்துக்கு எனக்குச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள். கத்தரிப்பூ நிறம்.

நவம்பர் 28, வியாழன்

டொக்டர் ஹென்னிங்கை நீண்ட நேரம் சோதித்தார். இருதயத்தில் ஒன்றுமில்லை. மனம் களைத்துப் போயிருக்கிறது, உடனே வேலையை நிறுத்த வேண்டும், சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றார்.

"ஜனவரியில இருந்து நிப்பாட்டலாமோ?" என்று கேட்டேன்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். பிறகு ஹென்னிங்கின் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்றார். ஹென்னிங் என்னைப் பார்த்தார்.

டொக்டர்மாருக்கு ஒரு தொழிற்சாலை எப்படி நடக்கிறதென்று தெரியாது.

டிசம்பர் 2, திங்கள்

மறுபடி ஆல்முட். ஹென்னிங் படுத்துவிட்டார் என்றேன்.

"மாலை ஆறு மணிக்கோ? வதனி, தயவு செய்து போனை வெட்டாதேயும். அவனுக்கு எப்பிடி இருக்குது?"

"நல்லா இருக்கிறார். வேலை கூட."

"சின்னனில லீவு நாளில அப்பா அவனைத் தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போவார். திங்கட்கிழமை எண்டால் அவனுக்கு வயித்துக்குள்ள பிரட்டும். எல்லாரும் அதுக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்துவிட்டினம். நான் கேற்றடியில நிண்டு, என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ எண்டு அழுவன். என்னை வீட்டில விட்டிட்டுப் போவினம்."

"நீங்கள் இப்பவும் அதைத்தான் கேக்கிறீங்கள்," என்றேன்.

"ஓம், கேக்கிறன்," என்றா. "ஆனா இப்ப அதுக்காக எடுக்கேல்லை."

அடுப்பில் பருப்பு இருந்தது. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

மாமா ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்துவிட்டார். விருந்தில் வாசிக்கப் போகிற பேச்சை எங்களுக்கு வாசித்துக் காட்டினார். "என் மகனின் கைகளில்" என்று வருகிற இடத்தில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததேயில்லை. ஹென்னிங் கைதட்டினார்.

டிசம்பர் 11, புதன்

காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது ஹென்னிங் இல்லை. கார் இல்லை. தொலைபேசி மேசையில் கிடந்தது. இன்று அவரைப் பத்து மணிக்குத்தான் கொண்டுபோய் விடுவதாக இருந்தது.

மாயாவைப் பக்கத்து வீட்டுக்காரியோடு அனுப்பிவிட்டு, தலை ஈரத்தோடு என் காரை எடுத்துக்கொண்டு அணைக்கட்டுக்குப் போனேன். தரிப்பிடத்தில் கார் இல்லை. ஆனாலும் அணைச்சுவரின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் ஒவ்வொரு இடமாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனேன். எதைப் பார்க்கப் போனேன் என்று எழுத மாட்டேன். வாத்துகள் பின்னாலேயே நீந்தி வந்தன.

கேதீசுக்கு எடுத்தேன். தொழிற்சாலைக்கு வரவில்லை. மாமாவுக்கு எடுக்க விரல் போகவில்லை. பிறகு ஆல்முட்டின் இலக்கத்தை அழுத்தினேன்.

"ஹென்னிங்கைக் காணேல்லை," என்றேன். அதற்கு மேல் எனக்கு டொச் வரவில்லை. தமிழும் வரவில்லை.

ஆல்முட் ஒன்றும் கேட்கவில்லை. "பொலிசுக்குச் சொல்லும். நான் இப்ப வெளிக்கிடுறன்," என்றா.

பொலிசார் காரின் இலக்கத்தைக் கேட்டார்கள். என்ன நிறக் கோட்டு என்று கேட்டார்கள். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அம்மாவின் அழைப்பு.

"பிள்ளை, மருமோன் இங்க நிக்கிறார்."

நான் அணைச்சுவரிலிருந்து காரை நோக்கி ஓடத் தொடங்கினேன்.

"விடிய வந்து மணி அடிச்சவர். என்ன எண்டு கேட்டன். அவற்ற பாசை எனக்கு விளங்கேல்லை, என்ர பாசை அவருக்கு விளங்கேல்லை. குசினிக் கதிரையில இருந்து அழுதவர், பிள்ளை. சின்னப் பிள்ளையள் மாதிரி. நான் புட்டு அவிச்சுக் குடுத்தன். சாப்பிட்டிட்டு இப்ப செற்றியில படுத்திட்டார். பழம்சேலை எடுத்துப் போத்திவிட்டிருக்கிறன்."

"எழுப்பாதேங்கோ அம்மா. நான் வாறன்."

"வதனி, இந்த மனுசனை என்ன செய்து வைச்சிருக்கிறியள்?" என்றாள் அம்மா. "எனக்கு முதலாளி வேண்டாம். ஆள் இருந்தால் காணும்."

போய்ச் சேர்ந்தபோது அவர் நித்திரை. செற்றி நீளம் போதாமல் கால்கள் வெளியே தொங்கின. நான் நிலத்தில் உட்கார்ந்து சப்பாத்துகளைக் கழற்றிவிட்டேன்.

டிசம்பர் 12, வியாழன்

ஆல்முட் நேற்று மாலையே வந்து சேர்ந்தா. தம்பியும் தமக்கையும் வெகுநேரம் பேசினார்கள். நான் இடையில் போகவில்லை. இன்று மூவருமாக மாமாவிடம் போனோம்.

ஹென்னிங் உட்காரவில்லை. "அப்பா, என்னால ஏலாது," என்றார்.

"எது ஏலாது?"

"தொழிற்சாலை. ஒக்டோபர் முடிவில இருந்து நான் அங்க போகேல்லை. வதனி கேற்றடியில கொண்டுபோய் விட்ட நாளில மட்டும் போனனான்."

மாமாவின் முகம் முதலில் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஊன்றுகோலைக் கையில் எடுத்தார், திரும்ப வைத்தார்.

"எனக்கும் முதல் வருசம் அப்பிடித்தான்," என்றார். "விடியச் சாப்பிட்டது நிக்காது. ஆர் என்னைக் கேட்டவை? பழகிச்சுது. உனக்கும் பழகும்."

"எனக்குப் பழக விருப்பமில்லை."

"விருப்பம்!" என்று மாமா அந்தச் சொல்லை அந்நிய மொழிச் சொல்போலச் சொன்னார். "அப்ப ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன் எண்டு இருபது வருசத்துக்கு முதல் சொன்னனான்," என்றா ஆல்முட். இன்னும் கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றா.

"நீ விட்டிட்டுப் போனனீ."

"நீங்கள் விட்டதால போனனான்."

மாமா என் பக்கம் திரும்பினார். "வதனி, நீயாவது சொல்லு. நீ எப்பவும் இவனுக்குத் துணையா நிண்டனீ."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். விருந்து, கத்தரிப்பூச் சேலை, கோயிலில் அம்மா சொல்லிவைத்த சனம் எல்லாம் கண்ணுக்குள் வந்து போயின.

"நேற்று நான் அணைக்கட்டில இவரைத் தேடினனான், மாமா," என்றேன். "தண்ணிக்குள்ள."

மாமா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு எங்களைப் போகச் சொன்னார்.

டிசம்பர் 13, வெள்ளி

விருந்து பொதியிடும் மண்டபத்தில். இயந்திரங்களைத் தள்ளி வைத்து நீளமாக மேசை போட்டிருந்தார்கள். எங்கள் தமிழ் ஆட்களும் நிறையப் பேர். மாமா முன்னால் கதிரையில், பேச்சுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி இருந்தார். எடுப்பாரா மாட்டாரா என்று தெரியவில்லை.

வீட்டிலேயே நின்றுவிடும்படி ஹென்னிங்கிடம் கெஞ்சினேன். "இந்த ஒருக்கா நானாப் போறன்," என்றார். கேற்றடியில் என் கையை இறுக்கிப் பிடித்தார், எலும்பு நொந்தது. உள்ளே போய் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எனக்குச் சுகமில்லை," என்றார். எல்லோரும் கரண்டியை வைத்தார்கள். "அதனால நான் இந்த வேலையை எடுக்கேல்லை. என்ர அக்காவுக்கு இந்த வேலை தெரியும், விருப்பமும் இருக்கு. அவவிட்டக் குடுக்கச் சொல்லி அப்பாவைக் கேக்கிறன். உங்கள் எல்லாருக்கும் முன்னால கேக்கிறன்."

கேதீஸ் தலையைக் குனிந்துகொண்டான். திருமதி நொல் கைக்குட்டையைத் தேடினா. எல்லாக் கண்களும் மாமாமேல். ஆல்முட் சுவரோரமாக, வந்த வழியே திரும்பிப் போக ஆயத்தமானவபோல நின்றா.

மாமா ஊன்றுகோலை ஊன்றி எழும்பினார். முதலில் மகனைப் பார்த்தார், கனநேரம். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று எனக்கு இப்போதும் தெரியாது. பிறகு மகளைப் பார்த்தார்.

"ஆல்முட்," என்றார். "கோட்டைக் கழட்டிப்போட்டு இரு. உள்ளுக்குச் சூடு."

தன் பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளிவிட்டார்.

ஹென்னிங் வெளியே போனார். நானும் பின்னால் போனேன். சைக்கிள் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார். வாந்தி எடுக்கவில்லை.

ஜனவரி 2, வியாழன்

ஆல்முட் கையெழுத்து வைத்தா. மாமா வந்திருந்தார், பேசவில்லையாம். முடிந்ததும் உலையைப் பற்றி மட்டும் ஏதோ சொன்னாராம். அது புதிதாக வாங்க வேண்டியதுதான் என்று ஆல்முட் பதில் சொல்ல, சண்டை தொடங்கிவிட்டதாம். கேதீஸ் சிரித்துச் சிரித்துச் சொன்னான்.

அம்மா கோயிலில் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "மருமோன் ஓய்வெடுக்கிறார் எண்டு சொன்னன். மேல கேட்டவையளுக்கு உங்கட வேலையைப் பாருங்கோ எண்டனான்."

சிகிச்சை நிலையத்தில் இடம் மாத முடிவில்தான் கிடைக்கும். அதுவரைக்கும் வீட்டில்.

ஜனவரி 7, செவ்வாய்

பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. ஹென்னிங் பத்து மணிக்கு எழும்பி, குசினியில் என்ன செய்வதென்று தெரியாதவர்போல நின்றார். முகம் இன்னும் சாம்பல் நிறம்தான். சில நாள் பேசுகிறார், சில நாள் இல்லை.

கோப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உமக்கு என்ன செய்ய விருப்பம்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை அவரிடம் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"இண்டைக்கோ, இனிமேலோ?"

"இண்டைக்கு."

கோப்பி ஆறும்வரைக்கும் யோசித்தார். "மாயாவைப் பள்ளிக்கூடத்தால நான் கூட்டிக்கொண்டு வாறன். தனிய. நடந்து."

தனிய. என் வாயில் 'நானும் வாறன்' என்று வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். கம்பளித் தொப்பியை எடுத்துக் கொடுத்தேன். தெருவின் வளைவில் திரும்பும்வரைக்கும் தெரிந்தார், பிறகு தெரியவில்லை.

வெங்காயம் வெட்டத் தொடங்கினேன். கத்தியை வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். தபால்காரி போனாள். பக்கத்து வீட்டு நாய் போனது. பள்ளிக்கூடம் விட்டு மற்றப் பிள்ளைகளெல்லாம் வந்துவிட்டார்கள்போலிருந்தது. கோட்டை எடுத்துப் போட்டேன், கழற்றினேன், திரும்பவும் போட்டேன்.

அப்போது வளைவில் மாயாவின் சிவப்புப் பை தெரிந்தது. அவள் மதிலுக்கு மேலால் நடந்து வந்தாள். கீழே நடந்த ஹென்னிங் அவளுடைய கையைப் பிடித்திருந்தார். அவள் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார்.

நான் கதவைத் திறக்க ஓடவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, போய் அடுப்பைப் போட்டேன்.